பார்த்துச் செய்தல்

பீல் நகரில், ரயில் நிலையத்துக்குப் பின்னால்,
பல் வைத்தியசாலையின் மேல்மாடியில்
இரண்டு நாள் பயிற்சி.
ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல், பெயர் அட்டை.
என் பெயரில் ஓர் எழுத்தைத் தின்றிருந்தார்கள்:
சுகிதா.
பதினெட்டு வருடமாக மருந்துக்கடையில்
பொடி எழுத்துகளை வாசித்துக் காட்டுகிறவள்,
இதைத் திருத்தச் சொல்லவில்லை.

முதல் நாள் செடி.
பூ, பிசின், சதவீதம்.
முகர்ந்து பார்க்க ஒரு ஜாடி சுற்றி வந்தது.
எனக்கு அது மழையில் நனைந்த சாக்கு.
பக்கத்திலிருந்த ரெட்டோ எலுமிச்சை என்றான்.
பயிற்சி தந்த அம்ஸ்டுட்ஸ் அம்மையார்
இருவருக்கும் தலையாட்டினார்.

புகைத்தால் சட்டென்று ஏறும்,
தின்றால் ஆறுதலாக.
'இன்னும் ஒன்றும் செய்யவில்லையே' என்று
இரண்டாம் துண்டைக் கடிப்பவனுக்காக
அரைமணி நேரம் ஒதுக்கினோம்.
கர்ப்பமா, கார் ஓட்டுவாரா, கிரேன் ஓட்டுவாரா,
வேறென்ன குளிசை எடுக்கிறார்?
கேளுங்கள், ஆனால் விசாரணை செய்யாதீர்கள்.
ஜெர்மனில் எழுதினேன், பிரெஞ்சில் எழுதினேன்,
ஓரத்தில் தமிழில்:
முகத்தைச் சுளிக்காதே.

இரண்டாம் நாள் மறுத்தல்.
ரெட்டோ தம்பியின் அட்டையோடு வந்த அண்ணனாக நடித்தான்.
நான் மன்னிப்புக் கேட்டேன்,
காரணம் சொன்னேன்,
இன்னொரு காரணம் சொன்னேன்,
நாளைக்கு வந்து பாருங்கள் என்றேன்.
'நான்கு படி கட்டிக் கொடுத்துவிட்டீர்கள்,
இனி அவர் ஏறி வருவார்'
என்றார் அம்ஸ்டுட்ஸ்.

அரிசி முடிந்தால் 'நிறைஞ்சு போச்சு' என்பவர்கள் நாங்கள்.
போகிறவர் போகிறேன் என்று சொல்லமாட்டார்.
இதை அவருக்கு எப்படி விளக்குவது?
முப்பது கேள்வியில் இருபத்தெட்டு சரி.
சான்றிதழ் கோப்பி மெஷினுக்கு மேலே தொங்குகிறது.
அதிலும் சுகிதாதான்.

நவம்பரில் அவர் வந்தார்.
அட்டையில் பெயர் கிடையாது, இலக்கம் மட்டும்.
பெயர் எனக்குத் தெரியும்.
தேர்த்திருவிழாவில் ஒலிபெருக்கிக்கு வயர் இழுப்பவர்.
என்னைக் கண்டதும் இருமல் மருந்துத் தட்டை
ஒரு சுற்றுச் சுற்றினார்.
நான் ஜெர்மனில் வணக்கம் சொன்னேன்,
நடுவில் ஒரு சுவர் இருக்கட்டும் என்று.
அவரும் ஜெர்மனிலேயே பதில் சொன்னார்:
வாகனம் இல்லை. இரவில் மட்டும்.
பூட்டிய லாச்சியைத் திறந்து,
பிள்ளைகள் திறக்கமுடியாத டப்பாவை எடுத்து,
பற்றுச்சீட்டோடு கொடுத்தேன்.

இருபத்தாறாம் தேதி மறுபடி வந்தார்.
மாதத்து அளவு முடிந்ததென்று திரை சொன்னது.
கடையில் வேறு ஆள் இல்லை.
முதன்முறையாகத் தமிழில்:
'அக்கா, கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கோ.'

அந்தச் சொல்லுக்கு
சேலைக்கடையில் பத்துப் பிராங் இறங்கும்.
மண்டப வாடகை இறங்கும்.
என் கல்யாணத்திலேயே ஏதோ இறங்கியது.

பார்த்தேன்.
கழுத்துவரை இழுத்த சிப்,
கை நடுக்கம். குளிரா, வேறா தெரியவில்லை.
'இல்லை' என்றேன்.
படி கட்டாமல்.
பிறகு, கொடுக்கவேண்டியதைக் கொடுத்தேன்:
அடுத்த மாத முதல் தேதி,
யாரோடாவது கதைக்க வேணுமெண்டால் ஒரு தொலைபேசி எண்.
'ஓம்' என்று கடதாசியை மடித்துக்கொண்டு போனார்.
புத்தகத்தில் உள்ளபடியே என்றான் உள்ளேயிருந்து ரெட்டோ.
என் கையிலிருந்த பிளாஸ்டர் பெட்டி
தரையெல்லாம் கொட்டியது.

ஜூனில் தேர்.
மைக்கோடு நின்றவர் என்னைக் கண்டார்.
பத்தொன்பதாம் பக்கம்:
வெளியில் கண்டால் நீங்களாக முகமன் சொல்லாதீர்கள்.
நான் தேங்காய்க் குவியலைப் பார்த்தேன்.
'ஆர் அது, உனக்குத் தெரிஞ்ச ஆளே?'
என்றார் என் கணவர்.
'இல்லை' என்றேன்.
இந்த முறை வாய் தடுக்கவேயில்லை.

'ஹலோ, ஹலோ,
பின்னாலை நிக்கிறாக்களுக்குக் கேக்குதா?'

கணவர் கையை உயர்த்திக் காட்டினார்.